பிச்சிப்பூ மணம்

கொல்லம் 1128, ஐப்பசி 9, சனிக்கிழமை

கண்ணை மூடினால் அந்த ஆள் பார்த்த பார்வைதான் வருகிறது.

என் வகுப்பில் படிக்கும் நீலா அப்பாவோடு இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் அவள் அம்மா பகவதி எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு மணி நேரம்தான், ஒன்றும் கொடுத்துவிடக் கூடாது, டீச்சர் கூடவே இருக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு. அந்த டீச்சர் நான்.

இன்றைக்கு பகவதி மடியில் பிச்சிப்பூ கொண்டுவந்தாள். பிள்ளைக்குத் தலை பின்னி, பூ வைத்து, தள்ளி நின்று பார்த்தாள். நான் தடுக்கவில்லை. நாலு மணி நெருங்கியபோது பிள்ளையே சொன்னது: "எடுத்துரும்மா. அப்பா பாத்தா இனி விடமாட்டாங்க." பகவதி பூவை எடுத்தாள். பின்னலையும் அவிழ்த்து, வந்தபடியே கட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

அப்பா வந்து பிள்ளையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"தலையில பிச்சி மணக்கு. யாரு பூ வச்சது, டீச்சர்?"

"நாந்தான்," என்றேன், யோசிக்காமல். "என் தலையில இருந்தத எடுத்து வச்சுப் பாத்தேன்."

அவர் என் தலையைப் பார்த்தார்.

நான் தாலியறுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.