விசாவுக்குக் கேட்ட கடிதம்

செவ்வாய்க்கிழமை.

பாரிஸில் நான்கு நாள். நானும் என் மனைவி கமலமும் சேர்ந்து போகப்போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். விசாவுக்கு வதிவிடக் கடிதம் வேண்டும் என்றார் பண்டாரவளை ஏஜென்ட். காலையில் தேயிலைத் தோட்ட ஆபீஸுக்குப் போனேன்.

கிளாக்கர் பதிவேட்டைப் புரட்டினார். "பாரிஸா? பெரிய ஆளுதான் போங்கண்ணே! கமலம் அக்காதான் கொழுந்து பறிக்கிற வேலைய விட்டு நின்னுட்டாங்களே, இப்ப ஒங்க வீட்டுல யாருங்க தோட்டத்துல வேலை செய்யுறது?"

"யாருமில்லங்க" என்றேன். செய்தியாளனின் பழக்கம், கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

தோட்டம் எங்களுக்குத் தந்த லயத்து வீட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். கடிதத்தையும் தந்தார். "மேனேஜர் தொரைகிட்ட சொல்லியாகணும், தப்பா நெனச்சுக்காதீங்க."

தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லாத வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். அப்படி வெளியேறிய குடும்பங்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் கமலம் புதுக் கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிதாசி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"பாத்தீங்களா, கேக்கவே பயந்தீங்க!"

அவளிடம் மற்றதைச் சொல்லவில்லை. நாங்கள் இந்த லயத்தில் வசிப்பதாகக் கடிதத்தில் இருக்கிறது. பாரிஸிலிருந்து திரும்பும் நாளிலும் அது உண்மையாக இருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை.