வாசலில் வைத்த சேணம்

எலாவோடி சபைத்திடல்,
1837, அறுவடை மாதம்

அன்புள்ள அனவாக்கி அக்காவுக்கு,

தங்கை குவாட்டி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா?

அம்மா, வேசா மாமா, நான் மூவரும் சபைக்கு வந்திருக்கிறோம். ஜார்ஜியாக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் நம் சபை கூடக் கூடாது என்றதிலிருந்து செரோக்கி ஜனமெல்லாம் இந்த ஊற்றங்கரைக்குத்தான் வருகிறது. யார் வந்தாலும் சோளக் கஞ்சியும் மாட்டிறைச்சியும் உண்டு. நான் பெரிய பானைகளுக்குப் பின்னால் நின்று கிளறுகிறேன். அங்கே என்னை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை.

அரசு ஒதுக்கிய மேற்கு நிலத்துக்குப் படகேறுமுன் அத்தானோடு இங்கே வருவதாகச் சொல்லியனுப்பினாயே, வேண்டாம் அக்கா. நேற்றுக் கஞ்சிக்கு வந்த இருவர் பேசிக்கொண்டார்கள்.

"மண்ண எழுதிக் குடுத்தவனுங்கள்ல ஒருத்தன் இந்தப் பக்கம் வரானாமே?"

"வரட்டும். வரத்தான் வழி இருக்கு. திரும்பிப் போக இல்ல."

அத்தானைப் போல வெள்ளைக்கார அரசுக்கு மண்ணை விற்றவனுக்கு நம் ஜனத்தின் சட்டம் மரணம்தான் என்று உனக்குத் தெரியும். மாமாவும் பக்கத்தில் இருந்தார். "கஞ்சி ஆறுது, குடிங்கடா" என்று மட்டும் சொன்னார். என் அகப்பை பானைக்குள் விழுந்துவிட்டது.

உன் குவாட்டி

*

கூசா ஆற்றங்கரை,
அதே மாதக் கடைசி

கண்ணே குவாட்டி,

அத்தான் சொல்வது இதுதான்: "காசுக்காகவா கையெழுத்துப் போட்டேன்? பட்டாளம் துப்பாக்கியோட வந்து துரத்துறதுக்குள்ள நாமளே போயிடலாம்னுதான்டி." எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி கோபம்.

ஆனால் பிள்ளையை அம்மாவின் வீட்டில்தான் பெற வேண்டும். இங்கே அவருடைய ஆட்களுக்கு நடுவில் பயமாக இருக்கிறது. நான் மட்டுமாவது வரலாமா? அம்மாவிடம் கேள். கூச்சப்படாமல் கேள்.

அனவாக்கி

*

எலாவோடி,
முதல் பனி விழுந்த நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன். அம்மா பிசைந்த மாவிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"வீடு அவளுது. அவன் சேணத்த அவளயே தூக்கி வாசல்ல வெக்கச் சொல்லு. நாலு பேர் பாக்கட்டும். அதோட கல்யாணம் அறுந்துது; அவன் யாரோ, நாம யாரோ. அப்புறம் எம்பொண்ணு வரட்டும். குழந்தை தாய்வழில நம்ம குலம்தான்."

சொல்லும்போதே அழுதாள். உன் பிரசவத்துக்கென்று எங்கள் சபைக் குடிசையிலேயே மான்தோலை விரித்து வைத்திருக்கிறாள்.

இதோடு முடித்து உப்பு வண்டிக்காரரிடம் கொடுக்கத்தான் போனேன். வண்டிக்கு அந்தப் பக்கம், அன்று கஞ்சிக்கு வந்த அந்த இருவரிடம் மாமா பேசும் குரல் கேட்டது.

"சேணம் வெளிய வர்ற வரைக்கும் அவன் எங்க வீட்டு மாப்பிள்ளை. ஒருத்தனும் கை வெக்கக் கூடாது. வெளிய வந்துட்டா, உங்க இஷ்டம்."

"சத்தியமா?"

"எங்கக்கா பொண்ணு வீட்டுக்கு வரணும்ப்பா. எனக்கு அதுதான் வேணும்."

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். எழுதினால் நீ வரமாட்டாய். எழுதாவிட்டால் வந்துவிடுவாய். நீ வர வேண்டும் அக்கா. ராத்திரியெல்லாம் அம்மா பக்கத்தில் உன் இடத்தில்தான் படுத்திருக்கிறேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

குவாட்டி

*

கூசா ஆற்றங்கரை

என் தங்கமே,

உன் கடிதத்தில் அம்மா சொன்னதை மட்டும் படித்தேன். மீதியைப் படிக்கப் பொறுமையில்லை. சேணத்தைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர், "குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுப் போயிடறேன்" என்று ஆற்றுக்கு இறங்கினார்.

அதன்பிறகுதான் மீதியைப் படித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். அவருக்கு நானே அதைப் படித்துக் காட்டினேன். இருவருமாகச் சேணத்தை உள்ளே கொண்டுவந்தோம். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதானே. அந்தச் சேதி இந்நேரம் உங்கள் திடலுக்குக் கிளம்பியிருக்கும்.

படகுக்குக் காத்திருக்கப் போவதில்லை. இப்போதே புறப்படுகிறோம். எந்த வழி என்று உனக்கும் எழுதவில்லை. அம்மாவிடம் அந்த மான்தோலைச் சுருட்டி வைத்துவிடச் சொல். பிறப்பது நம் குலத்துப் பிள்ளைதான், எங்கே பிறந்தாலும்.

பதில் எழுதாதே, கண்ணே. உன் கடிதம் என்னைத் தேடி வந்தால், அதன் பின்னாலேயே ஆட்களும் வருவார்கள்.

அக்கா