உட்கருவில் கொழுப்பு

பொலோஞா
4 மார்ச் 1991

அன்புள்ள நிவெஸ்,

மாநாட்டில் நீ பேசிய பேச்சு, உன் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. கொழுப்பை வெட்டிச் செய்தி அனுப்பும் நொதி செல்லின் வெளிச்சவ்வில்தான் இருக்கும் என்று நாம் சேர்ந்துதானே படித்தோம்? இப்போது அது உட்கருவுக்குள்ளும் இருக்கிறது, மரபணுக்களையே முடுக்கிவிடுகிறது என்கிறாயாம்.

காப்பிக் கடையில் நம் ஆய்வகத்துக் குவால்தியேரோ, "வாங்க, நிவெஸ் வீட்டுக்காரரே!" என்றான். எனக்கும் ஒரு பெயர் இருந்தது. "உட்கருவுக்குள்ள கொழுப்பா? கொழுப்பு அவளுக்குத்தான்!" என்றார் நம் பேராசிரியர். நானும் சேர்ந்து சிரித்தேன். பிரித்தெடுத்த உட்கருவை நீ சரியாகக் கழுவவில்லை. ஒட்டிக்கொண்ட சவ்வைப் பார்த்து ஏமாந்திருக்கிறாய்.

அது சரி, யார் அந்த வால்டர்? உன் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறான்.

எத்தோரே

மாடிசன்
20 மார்ச்

என் எத்தோரேவுக்கு,

சிரித்தாயா? நன்றாகச் சிரி. சவ்வு முழுக்கக் கரையும்வரை சோப்புக் கரைசலில் கழுவினேன். நொதி உட்கருவை விட்டு நகரவில்லை. அதை முடக்கினால், செல்லைப் பிரியச் சொல்லும் மரபணு ஊமையாகிறது.

வேறோர் ஆய்வகமும் செய்து காட்டினால்தான் ஆய்விதழில் அச்சிடுவார்களாம். நீ செய்து பார். என்னை நம்பவே மாட்டாய் என்பதால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வால்டர் எங்கள் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். பேரன் எடுத்தவர். வேளைக்குச் சாப்பிடு.

நிவெஸ்

பொலோஞா
2 அக்டோபர்

நிவெஸ்,

பொய்யாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தொடங்கினேன். உன்னைவிடக் கடுமையாகக் கழுவினேன். சவ்வின் சுவடே இல்லை. ஆனால் நொதியைக் காட்டும் சாயம் பட்டதும் உட்கரு விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தது. நொதியை முடக்கினேன், மரபணு வாயடைத்துப்போனது. நுண்ணோக்கியை விட்டு எழுந்து, "போடி!" என்று கத்திவிட்டேன். "என்னையா சார்?" என்று பக்கத்து மேஜை மாணவி மிரண்டுபோனாள்.

கையெழுத்திட்டுப் படங்களை அனுப்பியிருக்கிறேன். அச்சிடு. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வராதே. பொய் சொல்லவும் என்னால் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து உன்னை வாழ்த்தவும் முடியாது.

எத்தோரே

மாடிசன்
8 நவம்பர்

என் எத்தோரேவுக்கு,

படங்கள் வந்தன. என்னுடையவற்றைவிடத் தெளிவு. கட்டுரையில் உன் படங்களையே போடலாம் என்கிறார்கள் எல்லாரும். எனக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரையில் நடந்து, விரல் விறைத்த பிறகுதான் திரும்பினேன்.

உன் படங்களையே போடச் சொல்லிவிட்டேன், உன் பெயரோடு.

விமானச் சீட்டும் வாங்கிவிட்டேன். வாழ்த்தெல்லாம் வேண்டாம். டோர்டெல்லினி சூப் மட்டும் செய்து வை. எதிரே உட்கார முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்.

நிவெஸ்