உன் நீல வயரில் இன்றும் உடுப்புக் காய்கிறது

மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. உடுப்பு எடுக்க ஓடினேன். நல்லூரில் எங்கள் வீட்டுப் பின்வளவில், இரண்டு மாமரங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் உடுப்புக் கொடி, கயிறு அல்ல. உன் விடுதி அறையில் இன்ரநெற்றுக்குக் கொழுவியிருந்த நீல வயர். ஈரச் சீலை, பெட்சீற் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இன்னும் நிற்கிறது. நீதான் ஒரு டெங்குக் காய்ச்சலுக்கு ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லையடி.

நாங்கள் படித்த அதே கம்பஸில் நான் இப்போது விரிவுரையாளர். ஒழுக்காற்றுக் குழுவிலும் போட்டுவிட்டார்கள். ஆண்கள் விடுதியில் யாரோ ஒரு புதுப்படத்தை இறக்கி எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறான். படக் கம்பனியிடமிருந்து முறைப்பாடு வந்துவிட்டது. செய்தவன் ஒத்துக்கொள்ளும்வரை விடுதி முழுவதற்கும் இணைய இணைப்பை நிறுத்துவதா என்று நாளைக்குக் கூட்டம். சோதனை நெருங்கும் நேரம். குழுவில் மூத்தவர் காலையில் போனில் சொன்னார்: “முந்தியும் ஒருக்கா நெற்றை வெட்ட, ஒருத்தி தானாய் வந்து ஒத்துக்கொண்டவள் எல்லே, மிஸ்? உதுதான் சரியான வழி.”

ஒருத்தி! எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

அன்றைக்கு எங்களுக்கு இறுதி வருடம். ஆய்வறிக்கை கொடுக்கும் நாள் கிட்ட வந்துவிட்டது. பெண்கள் விடுதி முழுவதும் நெற் இல்லை. குற்றவாளி தானாக வரட்டும் என்று வாசலில் அறிவித்தல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பிள்ளைகள் அழாக்குறையாகத் திரிந்தார்கள். அப்போதும் ஒரு புதுப்படம்தான். அதை இறக்கிப் பகிர்ந்தது நீ என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

“நான் போய்ச் சொல்லப் போறன்,” என்றாய்.

“உனக்கென்ன விசரே? வாயை மூடிக்கொண்டு இரு. ரெண்டு நாளிலை விட்டிடுவினம்.”

“விடாட்டி? பக்கத்து அறைக்காரி நேற்று முழுக்கச் சாப்பிடேல்லை. பாத்தனியே?”

துணைக்கு நானும் வந்தேன். விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். உங்கள் மயிலிட்டிக் கடற்கரைக் குடும்பத்தில் ஒருவருக்கும் மெதுவாகக் கதைக்க வராது. நீயும் அங்கே அப்படித்தான் கதைத்தாய்.

“ஓம் சேர், நான்தான் குடுத்தனான். படம் எடுத்தவைக்கு அது நட்டம், பிழைதான். எனக்குத் தண்டனை தாங்கோ. மற்றப் பிள்ளையளின்ரை நெற்றை ஏன் வெட்டினீங்கள்? ஒருத்தனைப் பிடிக்க ஆமி ஊரையே வெயிலிலை இருத்தினதைச் சின்னனிலை கண்டிட்டன். இதுவும் சுத்திவளைப்புத்தானே சேர்?”

அந்தச் சொல் தெரியாதவர் அந்த அறையில் இல்லை. ஒருவர் பேனையை எடுத்துக்கொண்டு உன் பெயரைக் கேட்டார்.

“வடிவா எழுதுங்கோ. முதலெழுத்தை விட்டிடாதேங்கோ. அப்பான்ரை மகள் ஒளிச்சு நிக்கேல்லை எண்டு இருக்கட்டும்.”

பின்னேரமே விடுதிக்கு நெற் வந்தது. உனக்கு மட்டும் வருடம் முடியும்வரை இல்லை. “வெட்டின வயர்தானே, உடுப்பாவது காயட்டும்,” என்று விறாந்தையில் இழுத்துக் கட்டினாய். உன் ஆய்வறிக்கை பிந்தியது. எங்களோடு நீ பட்டம் வாங்கவில்லை. ஆனாலும் பட்டமளிப்பன்று கமெராவோடு வந்து, என் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு, “சிரியடி, செத்த வீட்டுக்கே வந்தனி?” என்று அதட்டினாய். நான் சிரித்தேன். அந்தப் படத்தில் நீ இல்லை.

போன வருடம் என் பாடக்குறிப்புகளை எவனோ தன் பெயரைப் போட்டு இணையத்தில் விட்டிருந்தான். வாயில் வந்த ஏச்செல்லாம் ஏசினேன். படம் எடுத்தவைக்கு நட்டம் என்று நீ முதலில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதி வேண்டாம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. செய்தவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், செய்யாதவளைத் தொடாதீர்கள், அவ்வளவுதான் கேட்டாய். பிழையை ஒத்துக்கொண்ட வாயாலேயே அதைக் கேட்டாய். அவர்களோ நீ ஒத்துக்கொண்டதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்டதை மறந்துவிட்டார்கள்.

மழை விட்டுவிட்டது. எடுத்த உடுப்பைத் திரும்பவும் உன் வயரிலேயே போட்டேன். நாளைக்கும் அந்த மனுசன் “ஒருத்தி” என்றுதான் தொடங்குவார். நான் எழும்பி, அந்த ஒருத்தி அன்றைக்கு என்ன கேட்டாள் என்று சொல்வேன். பிறகு உன் பெயரைச் சொல்வேன், முதலெழுத்தோடு.