ஆணியில் தொங்கிய பேட்ஜ்

நாள் 38 – காலை 08:00

செவ்வாய்க் கிரகம், அணுமின் நிலையம். பதிவு செய்பவர்: இசக்கியம்மாள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. உலை சீராக ஓடுகிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள குடியிருப்பின் நூற்று நாற்பது பேருக்கும் வெளிச்சம், வெப்பம், மூச்சுக்காற்று எல்லாம் இங்கிருந்துதான் போகின்றன. ஒரு மூட்டை அரிசி அளவு எரிபொருள் பத்து வருடம் வரும். இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும்.

உலையைக் குளிர்விக்கும் பம்ப் இருக்கும் அறையில் வாரம் ஒருமுறை நாற்பது நிமிட வேலை. செய்பவர் ஜெபசிங். நிலையத்தில் நாங்கள் இருவர்தான்.

நாள் 44 – காலை 09:20

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் வேலை செய்யவில்லை. உலையும் நின்றால் குடியிருப்பு உறைந்துவிடும். பம்ப் அறைச் சுவரின் கதிர்வீச்சு அளவுமானி பழுதாகிவிட்டது, மாற்று இல்லை. இனி ஜெபசிங்கின் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் மட்டுமே அளவு சொல்லும். இந்த வருடம் அவர் உடல் வாங்கிய கதிர்வீச்சு 46 மில்லிசீவர்ட். வரம்பு 50. தாண்டினால் மணி அடிக்கும். பிறகு அவரை உள்ளே விடக் கூடாது.

இன்டர்காமில் கேட்டார்: "யக்கா, மணி அடிச்சா என்னைய உள்ள விடமாட்டீய. அப்ப பம்ப யாரு பாக்கது?"

நான் சொன்னது: "பேட்ஜ ஆணியில மாட்டிட்டுப் போலே."

நாள் 72 – மாலை 16:10

புயல் ஓய்ந்தது. பேட்ஜ் இன்னும் வெளிக்கதவு ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்து மாட்டச் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது: "நான்கு வாரமாகக் கதிர்வீச்சு டோஸ் பூஜ்யம். எப்படிச் சாதித்தீர்கள்?" வேலைமுறையை மாற்றினோம் என்று பதில் எழுதினேன்.

நாள் 91 – காலை 07:30

ஜெபசிங்குக்கு நிற்காத வாந்தி. ஈறில் ரத்தம். குடியிருப்பு மருத்துவமனையிலிருந்து பேசினான். "யக்கா, எம் பேட்ஜு என்னையவிட ஆரோக்கியமா இருக்கு." சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பம்ப் அறையின் கதிர்த்தடுப்புக் கவசத்தில் எங்கோ விரிசல். புயலிலேயே விழுந்திருக்க வேண்டும். பேட்ஜ் அவன் சட்டையில் இருந்திருந்தால் முதல் வாரமே கத்தியிருக்கும்.

நாள் 95 – மதியம் 13:00

ஜெபசிங் இறந்துவிட்டான். மருத்துவ அறிக்கை: சிறுநீரகச் செயலிழப்பு. கதிர்வீச்சு காரணமல்ல, டோஸ் பதிவு பூஜ்யம்.

அதே தபாலில் இன்னொன்று. நம் நிலையம் இவ்வளவு பாதுகாப்பானதாம். அடுத்த உலையை இதே கவசத்தோடு குடியிருப்பை ஒட்டியே கட்டுகிறார்களாம். குழந்தைகள் காப்பகத்துக்கு அடுத்த சுவர்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பிவிட்டேன்.

நாள் 96 – மாலை 18:40

தலைமையகத்தின் பதில்: "சக ஊழியரின் மரணம் உங்களைப் பாதித்திருப்பது புரிகிறது. உங்கள் அளவீடுகள் ஐயத்துக்கு இடமற்றவை. ஓய்வெடுங்கள். கட்டுமானம் திட்டப்படி தொடங்கும்."

என் பொய்யை நம்புகிறார்கள். என்னை நம்பவில்லை.

நாள் 97 – காலை 07:05

இன்று பம்ப் வேலை நாள். நான் போகிறேன்.

ஒன்றை இதுவரை எழுதவில்லை. அந்த வேலை எனக்கும் தெரியும். நாள் 44 அன்று என் பேட்ஜில் இருந்தது 3. நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பயம். ஆணியைக் காட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: உலையைத் திட்டாதீர்கள். புயலில் நூற்று நாற்பது பேரைக் காத்தது அதுதான். பொய் சொன்னது நான்.

என் பேட்ஜையும் அவனுடையதையும் சேர்த்தே குத்தியிருக்கிறேன். அளவுகள் நேரலையாகத் தலைமையகம் போகும்.

07:20

கதவு திறந்தாயிற்று. என்னுடையது 3. அவனுடையது 46.

07:21

அவனுடையதில் மணி அடிக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

07:22

என்னுடையதும். 61. 88.

இந்த மணியை இங்கே இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். இவ்வளவு சத்தமாக இருக்குமா.

இன்னும் முப்பத்தெட்டு நிமிட வேலை