தட்டின் இடது ஓரம்

பிப்ரவரி 4

குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அம்மா: "ராஜ வம்சம் மூணு பேர் இருக்கீங்க, ஒரு வாஷர் மாத்த ஆளில்லை." தம்பி படுத்தபடியே, "மந்திரியை வரச் சொல்லுங்க" என்றான். ஈரத் துண்டு அவன் முகத்தில் போய் விழுந்தது.

அப்பாவுக்கு அரண்மனையிலிருந்து கடிதம். அரண்மனை என்றால் இப்போது அருங்காட்சியகம். பழைய உணவுக்கூடத்தைச் செப்பனிட்டு மார்ச் பதினைந்தாம் தேதி திறக்கிறார்கள். அந்தக் காலத்தில் இருந்தபடியே மேசை போட்டு விருந்தாம். அரசரின் நாற்காலியில் அப்பா உட்கார வேண்டுமாம். 'வாழும் மூத்த வாரிசு' என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிரேக் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போய்க் கறை இன்னும் பெரிதானது.

பேருந்துப் பணிமனையில் பழுதுபார்த்து முடித்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. முற்றத்தில் இரண்டு சுற்று, நான்கு பிரேக். அதற்குப் பிறகுதான் வேறு யாரும் ஏறலாம். அங்கேயும் அவர் பெயர் ராஜாதான்.

பிப்ரவரி 7

ஒரு நிருபர் வந்தார். அப்பா கதையைச் சொன்னார். எத்தனையாவது முறை? எனக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். ஆனாலும் கதவோரம் நின்று கேட்டேன்.

சிப்பாய்கள் அரண்மனைக்குள் புகுந்து அரசரையும் அரசியையும் கொன்ற நாள். அரசருக்கு முன்னால் உணவை ருசித்து, விஷமில்லை என்று உறுதிசெய்யும் ஊழியர் ஒருவர். அவர் தன் மகனையும் இளவரசனையும் கூட்டிக்கொண்டு சமையலறை வழியாகத் தப்பிக்கிறார். இரண்டு பேருக்கும் ஐந்து வயது. மூன்றாம் நாள் ஒரு செங்கல் சூளையில் பிடிபடுகிறார்கள். "இதுல எது ராஜா பிள்ளை?" ஊழியர் தன் மகனைக் காட்டுகிறார். சுடுகிறார்கள். மிஞ்சிய பிள்ளைதான் எங்கள் தாத்தா.

'தன் மகனை' என்ற இடத்தில் அப்பாவின் குரல் உடையும். எப்போதும் அங்கேதான். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இது ஒரு பாடம். வகுப்பில் அதை வாசிக்கச் சொன்னபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நிருபருக்கும் எங்களோடு சாப்பாடு. அப்பா வழக்கம்போல எல்லார் தட்டிலிருந்தும் இடது ஓரத்தில் ஒரு வாய் எடுத்தார். நிருபர் தட்டிலிருந்தும். பிறகு வலக் கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். கை நிமிர்ந்தது. சாப்பிட்டோம்.

"ராஜா முதல்ல சாப்பிடணும். எங்க பரம்பரை வழக்கம்" என்றார் அப்பா.

நிருபர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பசி போலிருக்கிறது.

பிப்ரவரி 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிழை திருத்தும் அச்சகத்துக்குப் புதிய புத்தகம் வந்திருக்கிறது. அருங்காட்சியகம் வெளியிடும் 'அரண்மனை நடைமுறைகள்', உணவுக்கூடத் திறப்பு விழாவுக்குள் வந்தாக வேண்டும். எங்கள் முறை எப்போதும்போலத்தான் — வாசிப்பு அக்கா மூலத்தை உரக்க வாசிப்பார், நான் மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முந்தைய தாளில், சரிபார்ப்பேன். நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிப்பார். வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும். இன்றைக்கு வேர்க்கடலை.

"உணவு பார்ப்பவன் ஒவ்வொரு தட்டின் இடது ஓரத்திலிருந்தும் ஒரு வாய் உண்டு, கால்புள்ளி, வலக் கையை மேசைமேல் கவிழ்த்து எழுபது எண்ணுவான், முற்றுப்புள்ளி. கை நடுங்கினால் உணவு அகற்றப்படும், முற்றுப்புள்ளி. நடுங்காவிடில் கையை நிமிர்த்துவான், முற்றுப்புள்ளி. அதன்பின் மற்றவர் உண்பர், அரைப்புள்ளி, அனைவருக்கும் கடைசியாகவே அரசர் உண்பார், முற்றுப்புள்ளி. என்னம்மா, தூங்கிட்டியா?"

"திரும்ப வாசிங்க."

"எந்த வரி?"

"எல்லாத்தையும்."

வாசித்தார். அதே சொற்கள். கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

பிப்ரவரி 13

அரசர் கடைசியாகத்தான் சாப்பிடுவார்.

பிப்ரவரி 14

யோசித்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. தாத்தாவை வளர்த்தது அந்த ஊழியர்தானே? அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையும் செய்திருக்கும். இவ்வளவுதான்.

இவ்வளவுதானா?

பார்த்துப் பழகியது என்றால் 'ராஜா முதல்ல' என்று ஏன் மாற்றிச் சொன்னார் தாத்தா? உண்மையைச் சொல்வதில் என்ன கஷ்டம் — என்னைக் காப்பாற்றியவர் இப்படித்தான் செய்வார், நானும் செய்கிறேன் என்று? நன்றியை யாராவது ஒளித்துவைப்பார்களா?

அத்தையிடம் கேட்க வேண்டும். தாத்தாவின் கடைசி மூன்று வாரமும் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தது அத்தைதான்.

பிப்ரவரி 18

அத்தை வீட்டில் லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும், "வாங்க இளவரசி. மூச்சு வாங்குதே, அப்ப ஏதோ பெரிய விஷயம்தான்" என்றார். நாற்பது வருடம் செவிலியராக இருந்தவர். பேசும்போதே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். விடவில்லை.

நான் அந்தப் பத்தியை ஒப்பித்தேன்.

அத்தை அடுப்பை அணைத்தார். 

"ஆஸ்பத்திரியில உன் தாத்தாவே என்கிட்ட சொன்னார். சூளையில சிப்பாய் கேட்டான்ல, எது ராஜா பிள்ளைன்னு? உன் கொள்ளுத் தாத்தா ராஜா பிள்ளை தலையிலதான் கையை வச்சார்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"அப்ப தாத்தா..."

"சொந்தப் பிள்ளை. பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தது. ராஜாவுக்கு வேண்டியவங்க மறுநாள் தேடி வந்தாங்க. வந்தவங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டார். செத்தது என் பிள்ளை, இதுதான் இளவரசர்னு. அப்படிச் சொல்லாம இருந்திருந்தா அவங்க ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டிருப்பாங்க."

"அந்தச் சாப்பாடு விஷயம்?"

"உன் கொள்ளுத் தாத்தா சாகிற வரைக்கும் உன் தாத்தா தட்டுல முதல் வாய் அவருதான். மூட்டை தூக்கிப் பிழைச்ச வீடு. அந்தச் சாப்பாட்டுல யாருடி வந்து விஷம் வைக்கப் போறா? ஆனா கையைக் கவுத்து வச்சு எண்ணுவாராம். அப்புறம் உன் தாத்தாவுக்கும் அதை விட முடியலை. யாராவது கேட்டா 'ராஜா முதல்ல'ன்னு சொல்லிச் சமாளிச்சுட்டார்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை அத்தை?"

"உங்கப்பனுக்கு ஆறு வயசுல காகிதக் கிரீடம் ஒட்டிக் குடுத்ததே நான்தான். நானே எப்படிடி பிடுங்குறது?"

அப்போதுதான் மணிக்கட்டை விட்டார். "நூத்திப் பத்து. தண்ணி குடி."

பிப்ரவரி 19

கை வைத்தார். விரல் நீட்டிக்கூடக் காட்டவில்லை. தலையில் கை.

அந்தப் பிள்ளைக்கு அது பழகிய கை. தினமும் தன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து, நிமிர்ந்து, இனிச் சாப்பிடலாம் என்று சொல்லும் கை. பயந்திருக்காது. நிமிர்ந்துகூடப் பார்த்திருக்காது.

பிப்ரவரி 20

நான் இருப்பதே அதனால்தானா? தம்பி குறட்டை விடுவது, அம்மா திட்டுவது, இந்த நோட்டு? அந்தக் கை ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் இந்த அறையில் யாருமில்லை.

பாடப் புத்தகத்தில் அந்தப் பாடத்துக்குப் படம் உண்டு. ஊழியர் வானத்தைப் பார்த்து அழுவார். சிறு வயதில் அவர் மீசைக்கு நான் வண்ணம் தீட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

தப்பு செய்தேன். எழுதிவிடுகிறேன்.

மெய்ப்பில் அந்தப் பத்தியை அடித்தேன். ஒரே கோடு. எனக்கு அதிகாரமில்லை. ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள்? புத்தகத்தில் அது இல்லாவிட்டால் விழாவில் அப்பா கையைக் கவிழ்த்து வைத்தாலும் யாருக்கும் தெரியாது. புகைப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மதியம் வாசிப்பு அக்கா தாளோடு வந்தார். "இந்தக் கையைக் கவுக்குற பத்தி எங்கம்மா போச்சு? நான் ரெண்டு தரம் வாசிச்சேனே, தொண்டை வத்த."

"தேவையில்லைன்னு நினைச்சேன்."

"எழுதினவர் செத்து எண்பது வருஷம் ஆச்சு. அவர்கிட்ட கேட்டியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சம் கடலையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடித்ததை மீட்க, வரிக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். ஏழு வரி. எல்லாப் புள்ளியையும் வைத்தேன்.

மார்ச் 1

விழாவுக்கான கோட்டு தைத்து வந்துவிட்டது. கருநீலம். அப்பா போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். தம்பி, "பராக், பராக்" என்று கத்தினான். அம்மா தோளில் ஒட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார் — இத்தனை வருடத்தில் அம்மா வாயிலிருந்து இது வந்து நான் கேட்டதில்லை.

இன்று சொல்லலாம் என்றிருந்தேன்.

மார்ச் 3

சொல்லிவிட்டேன்.

பணிமனைக்குப் போனேன். வாயிற்காவலர், "ராஜா சவாரியில இருக்கார்" என்றார். காலி வண்டியைச் சுற்றில் ஓட்டிக்கொண்டிருந்தார் அப்பா. நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார். பரிசோதனை வண்டியில் வேறு ஆளை ஏற்றக்கூடாது. அவர் விதி மீறி நான் பார்த்தது இதுவே முதல் முறை. ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். அவர் முகம் தெரியாது என்பதால்தான் அங்கே உட்கார்ந்தேன். முதல் சுற்றில் புத்தகம். இரண்டாவது சுற்றில் சூளை.

பிரேக் பிடிக்க வேண்டிய வெள்ளைக் கோடு வந்தது. பிடிக்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போய் வண்டி மெதுவாகத் தானாக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். அத்தையைத் திட்டுவார், என்னை அடிக்கக்கூடச் செய்வார்.

"அன்னிக்கு அந்தப் பிள்ளை ஏதாவது சாப்பிட்டிருந்தானா?"

"தெரியலைப்பா."

"மூணு நாளா ஓடியிருக்காங்க. என்ன கிடைச்சிருக்கும்?"

எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லையே. இத்தனை நாளும் எங்களைப் பற்றியேதான் யோசித்திருக்கிறேன்.

"நீ இறங்கு. இன்னும் ரெண்டு பிரேக் பாக்கி இருக்கு" என்றார்.

மார்ச் 4

சாப்பாட்டில் அப்பா எப்போதும்போல ஒவ்வொரு வாய் எடுத்தார். கையைக் கவிழ்த்தார். கை நடுங்கியது. புத்தகத்தின்படி அந்த உணவை அகற்றியிருக்க வேண்டும்.

சாப்பிட்டோம்.

மார்ச் 11

விழாவுக்கு வரவில்லை என்று எழுதிப் போடும்படி அப்பாவிடம் சொன்னேன். "போறேன்" என்றார். அவ்வளவுதான். கோட்டு ஆணியில் தொங்குகிறது. கடந்து போகும்போதெல்லாம் யாரோ நிற்கிறார்கள் என்று திடுக்கிடுகிறேன்.

பொய் சொல்லப் போகிறார். தெரிந்தே போய் உட்காரப் போகிறார். என் அப்பாவா?

மார்ச் 15

உணவுக்கூடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. நீள மேசை. பன்னிரண்டு நாற்காலி. கோடியில் அரசருடையது, உயரமாக. அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி, கால் வைக்கப் பலகையோடு. அதன் முன்னாலும் தட்டு, சின்னக் கரண்டி. எல்லாத் தட்டிலும் சூடாகப் பரிமாறியிருந்தார்கள்.

அருங்காட்சியக இயக்குநர் அம்மையார் ஒலிபெருக்கியில் அழைத்தார். கைதட்டல். அப்பா நடந்தார். பெரிய நாற்காலியை அவருக்காகப் பின்னால் இழுத்துவிட்டார்கள். அதைத் தாண்டிப் போனார். குட்டி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

குனிந்தார். இடது ஓரத்தில் ஒரு வாய். வலக் கையை மேசைமேல் கவிழ்த்தார்.

மறுபடியும் கைதட்டினார்கள். பழைய வழக்கத்தை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இயக்குநர் புத்தகத்தைத் திறந்து பக்கத்து விருந்தினருக்கு அந்தப் பத்தியைக் காட்டினார். ஏழு வரி.

நான் எண்ணினேன். எழுபது கடந்தது. நூறு. கை நடுங்கவில்லை, நிமிரவுமில்லை. கைதட்டல் தேய்ந்து நின்றது. யாரோ இருமினார்கள். தட்டுகளில் ஆவி அடங்கிவிட்டது.

"சூளையில செத்தது இந்தத் தட்டுக்காரப் பிள்ளை" என்றார் அப்பா. ஒலிபெருக்கி தள்ளியிருந்தது. முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "எங்க தாத்தா காட்டிக் குடுத்துட்டார். நான் அவரோட பேரன். அந்த நாற்காலி எனக்கில்லைங்க."

பின்வரிசையில் ஒருவர், "என்ன சொல்றார், என்ன சொல்றார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கை. தம்பி போய்த்தான் எடுத்தான். மேசையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்ததாம். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினானாம்.

மார்ச் 16

தொலைபேசி ஓயவில்லை. அம்மா ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

மார்ச் 17

அத்தை மூன்று மாடி இறங்கி, பேருந்து பிடித்து வந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 20

அப்பா இன்று வேலைக்குப் போனார். வாயிற்காவலர் வழக்கம்போல, "வாங்க ராஜா" என்றிருக்கிறார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். "வண்டி எங்கே?" என்று மட்டும் கேட்டாராம் அப்பா. ஏழு வண்டி ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பிரேக் சரியாகப் பிடித்தது.

சாயங்காலம் குழாய்க்கு வாஷர் மாற்றினார்.

பிறகு சாப்பாடு. நாங்கள் பழக்கத்தில் கையை மடியில் வைத்துக் காத்திருந்தோம். அப்பா தன் தட்டிலிருந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வாய் போன பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

என் தட்டின் இடது ஓரம் கலையாமல் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்த இடத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. மற்றதையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன். அம்மா விளக்குமாறை எடுக்கும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.