காற்று இறங்கிய வெள்ளிக்கிழமை

அல்சூர், பெங்களூர் - 8
12-8-2004

வித்யாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பகவான் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், டென்மார்க்கில் நீயும் நன்றாக இருக்க வேண்டும். என் பிரஷர் நூற்று நாற்பது, மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறது, அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. ஆயிற்றா, நீ கேட்கிற அத்தனைக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. உன் அண்ணா சுதீர் ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவான், நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் பிரித்தால் நாலே வரி, மாத்திரை, உப்பு, நடைப்பயிற்சி, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் இந்த ராஜ்ஜியத்துக்கே கரண்ட் பங்கு போட்டுக் கொடுத்தவனுக்கு மகள் எழுதுகிற கடிதமா அது, ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது.

உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவானேன், சொல்லிவிடுகிறேன். எனக்கு முனிகிருஷ்ணன்மேல் பொறாமை. மின்சாரக் கண்ட்ரோல் ரூமில் எட்டு வருஷமாக எனக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிற ஜூனியர், பொம்மனஹள்ளிப் பிள்ளை, நம் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறான். சித்ரதுர்கா பக்கம் குன்றுக்குக் குன்று காற்றாலை நட்டுவிட்டார்களே, அந்த மின்சாரம் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று எப்படிக் கணிப்பது என்று, அதே வேலையாக டென்மார்க் போயிருக்கிற உனக்கு அவன் எழுதிக் கேட்டானாம், நீயும் பதில் எழுதினாயாம், நாலு பக்கம்! போன மாசம் அதைக் கொண்டுவந்து நீட்டி, ஸார் உங்க மகளு எஷ்டு சென்னாகி, எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாருங்கன்னு கன்னடமும் தமிழுமாக ஒரே புகழ்ச்சி. எனக்கு நாலு வரி, அவனுக்கு நாலு பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது, மீதியைப் படிக்காமல், சரிப்பா வேலையைப் பார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி, சாயங்கால ஷிப்ட். மத்தியானத்திலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு போனது, காற்றாலை மின்சாரம் தாராளமாக வந்தது. அணைகளில் தண்ணீர் கம்மி, அதை மிச்சம் பிடிக்கலாமென்று நீர்மின் நிலையத்துக்குப் போன் பண்ணி இரண்டு மெஷினை நிறுத்தச் சொல்லப் போனேன். முனிகிருஷ்ணன் நீ சொன்ன முறைப்படி காற்றாலைக்காரர்களிடம் மணிக்கு மணி வேகம் கேட்டு, பழைய லாக் புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆறு மணிக்கு மேல் காற்று படுத்துவிடும், ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரம், மெஷினை நிறுத்தவேண்டாம் ஸார் என்று ஒரு சீட்டில் எழுதி என் முன்னால் வைத்தான். எங்கள் ரூமில் ஒரு வழக்கம், யோசனை சொல்கிறவன் சீட்டில் எழுதித் தரவேண்டும், சீனியர் ஏற்றாலும் தள்ளினாலும் கையெழுத்துப் போட்டு லாக் புக்கில் ஒட்டவேண்டும். நான் அந்தச் சீட்டில் அவன் கையெழுத்தைப் பார்க்கவில்லை, உன் நாலு பக்கத்தைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாத காற்றா என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆறு இருபதுக்குக் காற்று படுத்துவிட்டது. கரண்டின் நாடித்துடிப்பு மாதிரி ஐம்பதில் நிற்கவேண்டிய ஃப்ரீக்வென்சி ஏற்கெனவே நாற்பத்தொன்பதரையில் இருந்தது, அங்கிருந்து கடகடவென்று நாற்பத்தொன்பதுக்குக் கீழே. நின்ற மெஷினை எழுப்பிச் சுற்றவைக்கப் பத்து நிமிஷமாவது ஆகும், அதுவரை பொறுக்காது, விட்டால் இன்னும் பெரிய பகுதியே போய்விடும். ஏரியா ஏரியாவாகக் கரண்டை நிறுத்தச் சொன்னேன், அதில் நம் அல்சூரும் ஒன்று. உன் அம்மா அம்மன் கோயிலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே இருட்டில் மாவிளக்குத் தட்டோடு நின்றாளாம், ராத்திரி நான் வீட்டுக்கு வந்ததும், யாரந்தப் புண்ணியவான் கரண்டை நிறுத்தினது என்று கேட்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

அதைவிடக் கேவலம் இனிமேல்தான். லாக் புக்கில், காற்று முன்னறிவிப்பின்றி இறங்கியது என்று எழுதிவிட்டேன். காற்றாலை நிலவரம் பார்ப்பது முனிகிருஷ்ணன் பொறுப்பு, ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று திங்கட்கிழமை அவனுக்கு மெமோ வந்தது, அடுத்த மாசம் வரவேண்டிய பிரமோஷன் போய்விடும்போல இருந்தது. அந்தப் பையன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தான், அதோடு சரி. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோது சீட்டு வந்தது. இது வேணுமா, போட்டுடலாமா என்று கேட்டாள். போட்டுடு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது வித்யா, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மறுநாள் அவனிடம் உன் நாலு பக்கத்தைக் கேட்டு வாங்கிக் கடைசிவரை படித்தேன். நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், என் கணக்கில் சந்தேகம் வந்தால் அப்பாவைக் கேளுங்கள், வீட்டு ஃபேன் சத்தத்தை வைத்தே ஃப்ரீக்வென்சி சொல்கிறவர், நானே அவரைக் கேட்கலாம், ஆனால் காற்றாலை என்றாலே அவருக்குக் கோபம் வரும் என்று. ஏர்போர்ட்டில் நான்தானே சொன்னேன், காற்றாடி விளையாட்டையெல்லாம் எனக்கு எழுதாதே, உடம்பு சௌக்கியத்தை மட்டும் எழுது என்று. நான் சொன்னபடிதான் நீ கேட்டிருக்கிறாய், நான் உன்மேல் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் சீட்டையும் நடந்ததையும் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு ரிட்டையர் ஆக இருக்கிற இரண்டு மாசமும் ரிக்கார்ட் ரூம், பழைய லாக் புக்குகளுக்கு நம்பர் போடுகிற வேலை. என் நாற்காலியில் இப்போது முனிகிருஷ்ணன். அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், பொறாமை போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன், இன்னும் எரிகிறது.

தனியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு, அம்மா அனுப்பின பருப்புப்பொடியை யாருக்கும் தானம் பண்ணாதே. உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். ஒன்றை மறக்காதே. இனி எனக்கு எழுதுகிற கடிதத்தில் மாத்திரை என்ற வார்த்தையைப் பார்த்தேனோ, கிழித்துப் போடுவேன். காற்றைப் பற்றி எழுது, கணக்கோடு எழுது, பாதி எனக்குப் புரியாது, பரவாயில்லை. ஐந்து பக்கம் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சேஷகிரி